வீட்டை விற்க புரோக்கர் வேண்டுமா?

நாலு போட்டோ எடுத்து ஆன்லைனில் போட்டால் போன் வருகிறது, பிறகு எதற்கு ஒருவருக்குத் தண்டமாகக் கமிஷன்? வீடு விற்க நினைக்கும் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. சென்னையில் பழைய வீடோ ஃபிளாட்டோ விற்றால் விற்பவரிடம் 1 முதல் 2 சதவீதம், வாங்குபவரிடமும் ஏறக்குறைய அதே அளவு என்பதுதான் வழக்கமான பேச்சு. 80 லட்சத்துக்குப் போகும் வீட்டில் உங்கள் பங்கு 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 60 ஆயிரம் வரை. பார்ட்டியைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்துவதற்கு மட்டும் என்றால் இது அநியாயம்தான். ஆனால் விவரம் தெரிந்த புரோக்கருக்குப் பார்ட்டி வருவதற்கு முன்பும் வேலை இருக்கிறது, வந்த பிறகு அதைவிட அதிகம் இருக்கிறது.

முதலில் விலை. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். அது முத்திரைத்தீர்வைக்கான கணக்கு, சந்தை விலை இல்லை. விளம்பரங்களில் இருப்பதோ மற்றவர்கள் கேட்கிற விலை. உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பது அந்த ஏரியாவிலேயே தொழில் செய்கிறவருக்குத்தான் தெரியும். பழைய ஃபிளாட்டில் இது இன்னும் முக்கியம். 25 வருடக் கட்டிடத்தில் கட்டிட சதுர அடியை வைத்து விலை சொல்வதில் அர்த்தமில்லை. வாங்குபவர் பார்ப்பது யூடிஎஸ் எனப்படும், மனையில் அந்த ஃபிளாட்டுக்கு உள்ள பிரிபடாத பாகத்தை. இரண்டுமே 1,000 சதுர அடி ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் யூடிஎஸ் 450 சதுர அடி, இன்னொன்றுக்கு 600. மனை விலை சதுர அடி 8,000 என்றால் நிலத்தின் மதிப்பு மட்டுமே 36 லட்சம், 48 லட்சம். பக்கத்து பிளாக்கில் போன விலையைக் கேட்டு நம் விலையைச் சொன்னால் இந்த 12 லட்சத்தில்தான் அடிபடும், மேலேயோ கீழேயோ.

விலையை ஏற்றிச் சொல்லி வைப்போம், பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்பதும் சரியாக வராது. மாதக்கணக்கில் அதே விளம்பரம் கிடந்தால், பார்க்கிறவர்கள் விலை அதிகம் என்று நினைப்பதில்லை. ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது பத்திரங்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே நல்ல புரோக்கர் ஜெராக்ஸ் கேட்பார்: மூலப்பத்திரம், உங்கள் கிரயப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்), கட்டிட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது. யார் பெயரில் மின் இணைப்பு இருக்கிறது என்பதையும் கேட்பார். அப்பா பெயரில் இருந்த வீடு என்றால் வாரிசுச் சான்றிதழும், கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி தேவைப்படலாம். அதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வில்லங்கச் சான்றில் அடிக்கடி மாட்டுவது பழைய வீட்டுக்கடன். கடனை என்றைக்கோ கட்டி முடித்திருப்பீர்கள், வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும், பாக்கி இல்லை என்கிற என்ஓசி கடிதமும் பீரோவில் இருக்கும். ஆனால் கடன் வாங்கும்போது பத்திரம் ஒப்படைப்பு என்று பதிவான எம்ஓடி வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். அதை நீக்க வங்கி தரப்பில் ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. வாங்குபவரின் வங்கி வக்கீல் சான்றைப் புரட்டும்போது அந்த ஒரு வரியில் லோன் நின்றுவிடும். அதற்குள் கடன் கொடுத்த வங்கியே வேறு பெயரில் இருக்கலாம். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்துவிட்டன. பழைய கிளையின் ஃபைல் எந்தக் கிளைக்குப் போனது என்று தேடி, அதிகாரியை வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இது தெரிந்தால் ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தெரிந்தால் வெறும் அலைச்சலோடு போகும்.

அனுமதியில்லாமல் எடுத்த மாடியும் இதே ரகம். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்தால், வங்கி இன்ஜினியர் பெரும்பாலும் அதற்குத்தான் மதிப்புப் போடுவார். லோன் தொகை குறையும், மீதியைக் கையிலிருந்து போட முடியாமல் பார்ட்டி கழன்றுகொள்வார். இந்த மாதிரி வீட்டுக்குச் சொந்தப் பணம் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும் என்று முதல் நாளே சொல்கிற புரோக்கர் கமிஷனுக்குத் தகுதியானவர்.

போனில் வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு புரோக்கர்கள் என்பது விளம்பரம் போட்ட அன்றே தெரிந்துவிடும். மீதிப் பேரை வடிகட்ட மூன்று கேள்விகள் போதும். லோனா, சொந்தப் பணமா? லோன் என்றால் எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியில் கேட்டாயிற்றா? தன் வீட்டை விற்றுத்தான் இதை வாங்கப் போகிறாரா? நாம் கேட்டால் முறைப்பாகத் தெரியும், நடுவில் இருப்பவர் கேட்டால் சகஜம். விலை பேசும்போதும் அப்படித்தான். சமையலறையைப் பார்த்துவிட்டு "இதை எல்லாம் இடிச்சிட்டுத்தான் சார் கட்டணும்" என்று பார்ட்டி முகத்துக்கு நேரே சொன்னால், அந்த வீட்டில் வாழ்ந்தவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். அந்தக் கோபத்தில் முறிந்த வியாபாரங்கள் ஏராளம்.

கிரய ஒப்பந்தம் பெரும்பாலும் 10 சதவீதம் அட்வான்ஸ், மூன்று மாதக் கெடு என்று போடுவார்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்கிற புரோக்கரைத் தள்ளி வையுங்கள். அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் என்ற வரியைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு. இதைக் கடைசி நாளில் சொல்லி, "ஏன் குறைத்துக் கொடுக்கிறீர்கள்" என்று பதிவு அலுவலக வாசலில் சண்டை நடப்பதும் உண்டு.

புரோக்கரை அமர்த்தும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். எத்தனை சதவீதம், எப்போது கொடுப்பது, ஒப்பந்தம் முறிந்தால் என்ன என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பகுதி பத்திரப்பதிவு அன்று என்பது விற்பவருக்குப் பாதுகாப்பு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் கமிஷன் மேல் 18 சதவீதம் சேரும், அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். "உங்களுக்கு 75 வந்தால் போதும்தானே, மேல வர்றது எனக்கு" என்பவரிடம் ஒத்துக்கொள்ளவே கூடாது. அந்த நிமிடத்திலிருந்து அவர் உங்கள் ஆள் இல்லை. அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். டோக்கன் அட்வான்ஸ் உங்கள் கணக்குக்கு நேராக வரட்டும். அலைச்சல் மிச்சம் என்று சொல்லி, உங்கள் சார்பில் விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதிக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினால், மூலதன ஆதாய வரி போடும்போது விற்பனைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் ஆடிட்டரிடம் போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

குடியிருக்கும் வாடகைதாரரே வாங்குகிறார், பக்கத்து மனைக்காரர் கேட்கிறார், அசோசியேஷன் வாட்ஸப்பில் போட்டவுடன் எதிர் ஃபிளாட்காரர் தம்பிக்குப் பேசுகிறார் என்றால் புரோக்கர் தேவையில்லை. சொத்து வக்கீல் ஒருவரிடம் லீகல் பார்க்கச் சொல்லி, ஒப்பந்தத்தையும் கிரயப்பத்திரத்தையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். விலைக்கு மட்டும் அந்த ஏரியாவில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர் என்ற தாட்சண்யத்தில் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லிவிடுவோம்.