பலிக்காத வேண்டுதலோடு வேளாங்கண்ணிக்கு

மகனுக்கு மனசு சரியானால் மொட்டை போடுகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டவர் அந்த அம்மா. சரியாகவில்லை. மாத்திரை, கவுன்சலிங், பங்குச் சாமியாரின் செபம் எல்லாம் இருந்தும் பையன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ஓராண்டுப் பூசை முடிந்த கையோடு அந்த அம்மா மொட்டை போட வேளாங்கண்ணிக்கு ரயில் ஏறுகிறார். இப்படிப்பட்டவர்கள் எந்த நாளிலும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறார்கள். நன்றி சொல்ல வந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. இவர்களுக்காகவும், இவர்களைக் கூட்டி வரும் சொந்தக்காரர்களுக்காகவும்தான் இந்தப் பயணக் குறிப்பு.

சட்டப்படி பார்த்தால் அந்த அம்மாவுக்குக் கடன் ஏதும் இல்லை. நிபந்தனையோடு செய்த நேர்ச்சை, அந்த நிபந்தனை நிறைவேறாதபோது தானாகவே விழுந்துவிடும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1194. மொட்டை போடாவிட்டால் மாதா கோபித்துக்கொள்வாள், அடுத்த பிள்ளைக்கும் ஏதாவது ஆகும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படியும் வருகிறார்கள். தாயின் முகத்தைப் பார்த்து "ஏம்மா தடுக்கலை?" என்று கேட்க வருகிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கேளுங்கள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை இந்தத் துக்கத்தோடு வரவே வேண்டாம். காவி உடுத்தி நடந்து வருகிறவர்களின் பக்தி பெரிது, ஆனால் அந்த நெரிசலில் நின்று அழக்கூட இடம் கிடைக்காது. சனி, ஞாயிறும் மே மாத விடுமுறையும் அப்படித்தான். திருவிழாக் காலம் அல்லாத செவ்வாய், புதன்தான் தோது. நாகப்பட்டினத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், பேருந்துக்குப் பஞ்சமில்லை. இறங்கியதும் "ரூம் வேணுமா, ரூம் வேணுமா" என்று பையைப் பிடித்து இழுக்கும் புரோக்கர்களிடம் சிக்காமல், திருத்தல நிர்வாகத்தின் விடுதிகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு வாருங்கள். மெழுகுவர்த்தி, மாலை, தேங்காய் என்று வழிமறிப்பவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாத ஒரு கூட்டம் உண்டு. முகத்தைப் பார்த்தே துக்கத்தை மோப்பம் பிடித்து, "அற்பாயுசுல போன ஆவி அலையும், ஜெபம் பண்ணிக் கட்டித் தர்றோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள். திருச்சபை போதிப்பது நேர் எதிரானது. உயிர் பிரிந்த கணத்திலேயே ஆன்மா தன் தனித்தீர்ப்புக்காகக் கிறிஸ்துவின் முன் நிற்கிறது. எந்த ஆவியும் புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

காணிக்கைக் கடைக்கு வந்தால் இவர்களுக்கென்றே ஒரு திண்டாட்டம் இருக்கிறது. கண், கை, கால், தொட்டில், வீடு என்று தகட்டில் உருவம் உருவமாகத் தொங்குகிறது. உடைந்த மனசுக்கு உருவம் கிடையாது. சிலர் இதயத்தை எடுக்கிறார்கள், பலர் முழு ஆள் உருவத்தை எடுக்கிறார்கள். எதை எடுத்தாலும் சரிதான். இறந்தவரின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்குவதானால் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே செலுத்திவிடுங்கள். கடற்கரை வெயிலில் அறையில் சாய்த்து வைத்த நீள மெழுகு மத்தியானத்துக்குள் வளைந்துவிடும். ஏற்கெனவே நொந்தவர்கள் அதையும் அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள்.

பூசைக் கருத்து எழுதும் இடத்தில்தான் பலருக்கும் கை நடுங்குகிறது. சீட்டில் பெயரை எழுதி, "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று போட்டால் போதும். எப்படி இறந்தார் என்று எழுதத் தேவையில்லை. ஞானஸ்நானம் பெறாதவருக்குப் பூசை எழுதலாமா என்று இந்துக் குடும்பத்தார் தயங்குவார்கள். தாராளமாக எழுதலாம், வாழ்வோர், இறந்தோர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது சட்டம் 901.

தற்கொலை செய்துகொண்டவருக்குப் பூசையே கிடையாது என்று பாட்டி சொல்லியிருப்பார். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1240-ஆம் எண், திட்டமிட்டுத் தன் உயிரைப் போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. திட்டமிட்டு என்ற சொல்லை ஊர்களில் யாரும் கவனிக்கவில்லை. மனநோயால் இறந்தவர்களையும் சேர்த்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். கேரளப் பக்கம் அதற்கென்றே தெம்மாடிக்குழி வைத்திருந்தார்கள். 1983-இல் வந்த புதிய சட்டத்தின் 1184-ஆம் எண்ணில் அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை இல்லை. இன்றும் எங்காவது மணி அடிக்க மறுத்தாலோ உடலைச் சுமக்கும் தூம்பா தர மறுத்தாலோ அது ஊர் வழக்கம், சட்டம் அல்ல. பங்குத்தந்தையிடம் அந்த எண்ணைச் சொல்லியே கேட்கலாம்.

அதிகாலையில் மணல் பாதைக்கு வாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்துவிடும். முழங்காலில் போகிறவர்களுக்கு அது வேதனை மட்டுமல்ல, கொப்புளமும்கூட. கிளிஞ்சல் துண்டுகள் தோலைக் கிழிக்கும். பருத்தித் துண்டை இரண்டு மடிப்பாகச் சுற்றி முழங்காலுக்கு மேலும் கீழும் கட்டுங்கள். மேலே மட்டும் கட்டினால் நாலு எட்டில் நழுவிவிடும். கூட ஒருவர் தண்ணீரோடு நடக்கட்டும். செபமாலையில் பத்து மணிகள் சொல்லும்வரை நகருங்கள், பிறகு ஓய்வு, மறுபடி பத்து மணிகள். சர்க்கரை வியாதிக்காரர்கள் முழங்காலில் போகவே கூடாது. புண் ஆறாமல் காலையே இழப்பதை மாதா காணிக்கையாகக் கேட்கவில்லை.

பாதையோரம் சிலுவைப்பாதை நிலைகள். மற்றவர்கள் இயேசு சிலுவையில் உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையில் அதிக நேரம் நிற்பார்கள். பிள்ளையை இப்படி இழந்தவர்கள் பதின்மூன்றில் நின்றுவிடுகிறார்கள். இறக்கிய உடலை மடியில் வாங்கிய தாய். தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் தொங்க, அந்த உடலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவள்போல இருக்கும் தாய். பிரேதப் பரிசோதனை முடிந்து துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையை வாங்கியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னால் வரிசை வந்தால் வரட்டும். இங்கே அவசரப்படாதீர்கள், கூட வந்தவர்களும் அவசரப்படுத்தாதீர்கள். சிலர் உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் கத்துவார்கள். யோபு தன் பிறந்தநாளையே சபித்தார், எரேமியாவும் சபித்தார், அதையெல்லாம் விவிலியத்திலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். திருப்பாடல் 88 கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் செபம் என்றுதான் திருச்சபை பாடிவருகிறது.

"கடவுள் எடுத்துக்கிட்டாரு" என்று ஆறுதல் சொல்பவர்களை அந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கடவுள் எடுக்கவில்லை. மனிதரைப் படைத்துச் சொந்த விருப்புரிமையோடு விட்டார் என்கிறது சீராக்கின் ஞானம் 15:14. அந்த உரிமையைக் கொடுத்துவிட்டு, வேண்டாத நேரத்தில் கையைப் பிடித்து முறுக்குவது அவர் வழக்கமல்ல. அதற்காக, அவன் தெரிந்தே கடவுளை உதறினான் என்று தீர்ப்பு எழுதுவதும் தப்பு. சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம். காரியம் கனமானதுதான், உயிருக்கு நாம் காவல்காரர்கள், சொந்தக்காரர்கள் அல்ல என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2280-ஆம் எண் சொல்கிறது. ஆனால் மற்ற இரண்டும்? கடுமையான மனநலக் கோளாறு, வேதனை, பெரும் அச்சம் இவை பொறுப்பைக் குறைக்கும் என்கிறது 2282. சுதந்திரம் என்பதும் உடம்பைப்போல நோய்ப்படக்கூடியது. மிச்சமிருந்த சுதந்திரம் எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும், தெருக்காரர்களுக்குத் தெரியாது. அடுத்த எண் 2283 ஒரு தாய் எழுதியதுபோல இருக்கும்: அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனந்திரும்ப வாய்ப்பளிக்கக் கடவுளால் முடியும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது. பிரான்சில் ஆர்ஸ் ஊர்ப் பங்குத்தந்தை ஜான் மரிய வியான்னியிடம் கணவனை இப்படி இழந்த ஒரு விதவை வந்தபோது, பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் அவருக்கு மனஸ்தாபப்பட நேரம் இருந்தது என்று அந்தப் புனிதர் சொன்னதாக மரபு. மே மாதத்தில் மனைவியோடு சேர்ந்து மாதாவுக்குச் செய்த சின்ன வணக்கம் வீண்போகவில்லை என்றாராம்.

இது பின்னால் நின்று அழுகிறவர்களுக்கான ஆறுதல். சாகும் எண்ணத்தோடு இப்போது போராடிக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொல்லாதீர்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. பிலிப்பிச் சிறையில் நள்ளிரவில் கதவுகள் திறந்து, கைதிகள் தப்பினார்கள் என்று எண்ணிச் சிறைக்காவலர் வாளை உருவினாரே, அப்போது அங்கே கைதியாக இருந்த திருத்தூதர் பவுல் மறையுரை வைக்கவில்லை. உமக்கு நீரே தீங்கு செய்துகொள்ள வேண்டாம், நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று கத்தினார். கடவுளின் பங்கு பெரும்பாலும் அந்தக் குரலாகத்தான் வருகிறது. சாவைக் கேட்டுச் சூரைச் செடியடியில் படுத்த எலியாவிடம் தூதர் கொண்டுவந்தது ஒரு ரொட்டியும் ஒரு குவளைத் தண்ணீரும். சாப்பிடு, தூங்கு, மறுபடி சாப்பிடு. நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான்.

பேராலயத்துக்குள் தாயின் முன்னால் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். "நகருங்க, நகருங்க" குரல் விடாது. பட்டுப்புடவையும் குழந்தையுமாக அவள் நிற்பதைப் பார்த்ததும் கொண்டுவந்த கேள்வி மறந்துவிடும். தாளில் எழுதிக்கொண்டு வந்தவர்களுக்கும் அப்படித்தான். பரவாயில்லை. வெளியே வந்து நற்கருணை ஆராதனைச் சிற்றாலயத்தில் உட்காருங்கள். இந்த ஊரே அந்தக் கேள்வியோடு வாழ்கிற ஊர். புயலில் பிழைத்த போர்த்துக்கீசிய மாலுமிகள் கொடுத்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று அலை பேராலயத்துக்குள் வரவில்லை. கடற்கரையில் இருந்த பக்தர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கரையில் நின்றவர்களைத் தாய் கைவிட்டாள் என்று வேளாங்கண்ணியில் யாரும் சொல்வதில்லை. அந்த மண்ணில்தான் இரண்டு வகைக் குடும்பங்களும் இன்றும் முழங்காலில் போகின்றன. தாயே, எங்கள் கணக்குக்குள் அடங்காதவளே, உமக்கு நன்றி. வேண்டியது கிடைத்தவர்களோடு, கிடைக்காதவர்களையும் அதே சிரிப்போடு பார்க்கிறீரே, அதற்காகவே நன்றி.

காணிக்கைப் பொருள்களை வைத்திருக்கும் காட்சியகத்துக்கு முதல் ஆண்டில் போகாதீர்கள். வேண்டுதல் பலித்தவர்களின் நன்றி சுவர் சுவராக இருக்கும். புதுப் புண்ணில் அது தாங்காது.

பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், ஆனால் பாவத்தை மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு போனை எடுக்கவில்லை, அறைக் கதவைத் தட்டவில்லை, முந்தின நாள் திட்டினேன் என்றெல்லாம் வருவது பெரும்பாலும் துக்கம். அது பாவம் அல்ல. நல்ல குரு பிரித்துச் சொல்வார். அவசரமாகப் பாவமன்னிப்பு சொல்லி அனுப்புகிறவரிடம் சிக்கினால் மறுநாள் வேறொருவரிடம் போகலாம், தடையில்லை. போன பிள்ளைக்காக இன்று செபித்து என்ன பயன் என்ற சந்தேகத்தையும் அங்கேயே கேளுங்கள். கடவுளுக்கு எல்லாக் காலமும் நிகழ்காலம் என்கிறது மறைக்கல்வி 600. ஓராண்டு தாமதமாகச் சொன்ன செபமும் அந்த நேரத்தில் அவர் கணக்கில் இருந்திருக்கும்.

திரும்பும்போது எண்ணெயும் தீர்த்தமும் எடுத்துக்கொள்வதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் அதே துக்கத்தில் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களைத் தனியாக விடாதீர்கள். "அப்படி ஏதும் எண்ணம் வருதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். மனநல உதவிக்கு 14416 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் செபத்தை நம்பி நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தால் கிடைக்கும் நிறைபலனை (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை), பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் என்ற வழக்கமான நிபந்தனைகளோடு, அவர் பெயருக்கே ஒப்புக்கொடுக்கலாம்.