பாக்ஜான் கிணறும் எங்கள் பங்குகளும்

29 மே 2020, வெள்ளி

அசாமின் தின்சுகியா மாவட்டத்தில், ஆயில் இந்தியா நிறுவனத்தின் பாக்ஜான் 5 ஆம் எண் கிணற்றில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது, நேற்று முன்தினம் எரிவாயு கட்டுக்கடங்காமல் பீறிட்டிருக்கிறது. அந்நிறுவனத்தின் பங்குகளை, சிங்கப்பூரில் இருக்கும் நானும் யீஷூன் பகுதியில் இருக்கும் அண்ணனும் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். "வித்துருவோமா தம்பி?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். பொறுக்கச் சொன்னேன். ஏறத்தாழ 3,870 மீட்டர் ஆழம் தோண்டிய கிணறு அது. துவாஸ் பட்டறையில் கிணற்று வால்வுகளைப் பழுதுபார்த்தே பிழைப்பவன் என்பதால், எனக்குப் பங்கு விலையைவிட அந்த ஆழம்தான் கவலையைத் தந்தது.

10 ஜூன், புதன்

கிணற்றை அடக்குவதற்காக அழைக்கப்பட்ட அலர்ட் டிசாஸ்டர் கன்ட்ரோல் சிங்கப்பூர் நிறுவனம் என்று அறிந்தபோது, நம் ஊரிலிருந்து போகிறார்கள் என்று மகிழ்ந்திருந்தேன். அவர்களுடைய நிபுணர்கள் வந்து சேர்ந்த மறுநாளே, நேற்றுப் பிற்பகலில், கிணறு தீப்பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் இருவரின் உடல்கள் இன்று கிடைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு நிவாரண முகாம்களுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் மாகுரி-மோதாபங் சதுப்புநிலமும் திப்ரு-சைக்கோவா தேசியப் பூங்காவும் இருக்கின்றன. பங்கு என்ன விலைக்குப் போகிறது என்று அண்ணன் கேட்டார். எனக்குப் பார்க்க மனம் வரவில்லை என்று சொன்னேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

22 ஜூலை, புதன்

கிணற்றருகே மீண்டும் வெடிப்பு. வெளிநாட்டு நிபுணர்கள் மூவருக்குக் காயம்.

18 ஆகஸ்ட், செவ்வாய்

ஜூலை இறுதியில் கைகூடாமல் போன வேலை நேற்று முடிந்தது: எரியும் கிணற்றின் தலையில், அதன் வாயை அடைக்கும் கனத்த வால்வுக் கருவியான பி.ஓ.பி.யைப் பொருத்திவிட்டார்கள். அண்ணன் காலையிலேயே அழைத்து, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா என்று கேட்டார்.

பட்டறையில் பி.ஓ.பி.யைத் திறந்தால், எதிரெதிரே நகரும் இரண்டு எஃகுக் கட்டைகளும் அவற்றின் முகப்பில் பதித்த கறுப்பு ரப்பரும் தெரியும். அந்த ரப்பரின் விளிம்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்ப்பேன். நகக்கண் அளவு வெட்டு தட்டுப்பட்டாலும் அதைக் கழித்துவிடுவோம். அந்தக் கருவியை இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்த கிணற்றின் வெப்பத்தில் கொண்டுபோய்ப் பொருத்தியவர்களை எண்ணிக் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனாலும் அண்ணனிடம், மேலே மூடி போட்டதாலேயே கிணறு அடங்கிவிடாது என்றேன். கிணற்றுக்குச் சுவராக உள்ளே இறங்கியிருக்கும் கேசிங் குழாய் பலவீனமாக இருந்தால், மேலே அடைபடும் வாயு பக்கவாட்டில் வழி தேடிக்கொள்ளும். கனமான திரவத்தை உள்ளே செலுத்தி, அதன் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தை வெல்லும்வரை கிணறு உயிரோடுதான் இருக்கிறது. முதலீட்டாளர்கள் அறிக்கைகளில் தேட வேண்டியது 'மூடப்பட்டது' என்ற சொல்லை அல்ல, 'கொல்லப்பட்டது' என்ற சொல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல் கொடூரமாக இருக்கிறதே என்று அண்ணன் வருந்தினார். எங்கள் தொழிலில் இதற்கு வேறு சொல் இல்லை.

15 நவம்பர், ஞாயிறு

நேற்றுதான் தீபாவளி. அண்ணியின் முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: உப்புநீர்க் கரைசலைச் செலுத்திக் கிணற்றைக் கொன்றுவிட்டார்கள், தீ முழுவதும் அணைந்துவிட்டது. அழுத்தத்துக்கு எதிராகவே குழாயை உள்ளே இறக்கும் ஸ்னப்பிங் யூனிட்டைக் கனடாவிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானத்தில் கொண்டுவந்த பிறகே இது முடிந்திருக்கிறது. பீறிட்ட நாளையும் சேர்த்தால் இது 173 ஆம் நாள்.

அண்ணனுக்குச் செய்தியைப் படித்துக் காட்டினேன். இந்த முறை அவர் விலையைக் கேட்கவில்லை.

"உள்ளே அழுத்தம் இருக்குதான்னு பார்த்துட்டாங்களா?" என்றார்.

இன்னும் ஒரு நாள் கவனிப்பார்கள் என்று சொன்னேன்.

"அப்ப நாளைக்குப் பேசுவோம்," என்று முறுக்கை என் பக்கம் நகர்த்தினார்.