தோளைப் பிடித்துத் திருப்பிய கை

எழுபதுகளில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஆங்கிலமும் குடியியலும் கற்பித்த சேரை நினைவிருக்கும். இலக்கணத்தில் தொடங்கிக் குடியியலில் முடிப்பது அவர் வழக்கம். ஒருநாள் ‘அக்கவுண்டபிள்’, அதாவது பொறுப்புச் சொல்லவேண்டியவர், என்று கரும்பலகையில் எழுதினார். அதன் பின்னால் யாருக்கு என்பதற்கு ‘டு’ ஒன்று, எதற்கு என்பதற்கு ‘ஃபோர்’ ஒன்று. இரண்டுக்கும் பக்கத்தில் கோடிட்ட இடம். எதற்குப் பொறுப்பு என்ற இடத்தை நிரப்ப எல்லோரும் கை உயர்த்தினோம்: வெண்கட்டிக்கு, திறப்புக்கு, பந்துக்கு. யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் “சேருக்கு”, “அதிபருக்கு” என்றோம். அவர் அதை ஏற்கவில்லை.

கரப்பந்துக்குச் சேர்த்த காசு அப்போது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இருந்தது. கணக்கை வாசிக்கும்படி அவனை எழுப்பினார். அவன் கொப்பியைத் திறந்து, சேரைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினான். சேர் அவன் தோளைப் பிடித்து வகுப்பின் பக்கம் திருப்பினார். “காசு தந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் தம்பி, அவர்களுக்குச் சொல்லும்” என்றார். கடைசி வாங்கிலிருந்து ஒருவன் வலையின் விலையைக் கேட்டான். அதற்கு விடை வரும்வரை பாடம் நகரவில்லை.

பிறகுதான் பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியல் திட்டத்துக்கு வந்தார். அதன்படி 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆனால் நிதி, சட்டம், பாதுகாப்பு முதலியவற்றைக் கையில் வைத்திருந்த அரச உத்தியோகத்தர் மூவரும் பிரித்தானிய ஆளுநரான தேசாதிபதிக்கே பொறுப்பு, மக்கள் தெரிவுசெய்த சபைக்கு அல்ல. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்ததையும் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்ததையும் அன்றுதான் கேட்டேன். பொறுப்பாட்சி என்று புத்தகத்தில் மனனம் செய்திருந்தது அன்றைக்குத்தான் விளங்கியது.

கனடாவுக்கு வந்தபின் நோவாஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகரான ஹலிஃபக்ஸின் சட்டமன்றக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். இன்று நூலகமாக இருக்கும் அறை அந்நாளில் நீதிமன்றம். நீதவான்கள் பொதுமக்கள் பணத்தைச் சுரண்டுகிறார்கள் என்ற கடிதத்தைப் தன் பத்திரிகையில் வெளியிட்டதற்காக ஜோசப் ஹௌ என்ற பத்திரிகையாளர் 1835இல் அங்கே நிறுத்தப்பட்டார். எழுதியது உண்மை என்பது அன்றைய சட்டத்தில் தற்காப்பாகாது. அவரே ஆறு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். ஜூரிகள் 10 நிமிடத்தில் விடுவித்தார்கள். பின்னர் அவர் முன்னின்ற போராட்டத்தால் 1848இல் பிரித்தானியக் குடியேற்றங்களில் முதலாவதாக நோவாஸ்கோஷியாவில் பொறுப்பாட்சி அமைந்தது. அமைச்சர்கள் ஆளுநரைப் பார்க்காமல், தெரிவுசெய்யப்பட்ட சபையைப் பார்த்து விடையளிக்க வேண்டியதாயிற்று. அந்த அறையில் நின்றபோது சேரின் குரல்தான் காதில் கேட்டது. அவரும் உடன் வந்திருக்க வேண்டும் என்று மனம் ஏங்கியது.

நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கை ஒழுங்காக வாசிக்கிறார், காசு தந்த நாமும் கேள்வி கேட்கிறோம். அதில் குறையில்லை. ஆனால் ஆய்வுகூடத்துக்கும் நூலகத்துக்கும் என்று அனுப்பும் பணம் யார் பெயரால் சேர்க்கப்படுகிறதோ அந்தப் பிள்ளைகள் கணக்கைக் கண்டதில்லை. வாங்கியது வந்து சேர்ந்ததா, பயன்படுகிறதா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. ஆண்டறிக்கையின் பிரதி ஒன்றைக் கல்லூரி அறிவித்தற் பலகையில் தமிழில் ஒட்டவேண்டும், மாணவர் கேள்விகளை அதிபர் வழியாகப் பெற்று அடுத்த கூட்டத்தில் விடையளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இம்முறை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.