நெல்மணிக் கணக்கு

மார்ச் 3, திங்கள்

மகளுக்குச் சதுரங்கப் பலகைக் கதை சொன்னேன். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு. 64 கட்டமும் நிறைந்தால் 18446744073709551615 மணிகள். "இது எதெதாலப்பா வகுபடும்?" என்று கேட்டாள். கடைசி இலக்கம் 5, அதனால் 5 போகும். இலக்கங்களைக் கூட்டினால் 87, அதனால் 3 போகும், 9 போகாது. மற்றதை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

வழி பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நம் எண் 2-இன் 64ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. வர்க்க வித்தியாசமாகப் பிரித்தால் 4294967295 × 4294967297. சின்னதை மறுபடி பிரித்தால் 65535 × 65537. பிறகு 255 × 257, 15 × 17, 3 × 5. ஒவ்வொரு தடவையும் ஒரு பாதி தானாகத் திறந்துகொள்கிறது. இந்த அழகுக்காகவே இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். மிச்சம் 4294967297 மட்டும்தான்.

மார்ச் 6, வியாழன்

அதையும் பகா எண் என்றே பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்கவில்லை. இதற்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. நானும் காகிதத்தில் வகுத்தேன். 193-க்கு மீதி 109. அடுத்த மூன்றும் போகவில்லை. 641-க்கு மீதி பூஜ்யம் வந்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். ஈவு 6700417.

மார்ச் 8, சனி

6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வருகிறது. அதே விதிப்படி 641-ஐ இன்னொரு முறையும், அதற்கு மேல் 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகியவற்றையும் பார்த்தால் போதும். ஒன்றும் போகவில்லை. பகா எண்தான்.

மார்ச் 9, ஞாயிறு

மகளிடம் நோட்டைக் காட்டினேன்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழும் வெவ்வேறு. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம், ஆக மொத்தம் 128 வகுத்திகள். விரல்விட்டு இரட்டித்துக்கொண்டே வந்தவள், "எட்டாவது கட்டத்து நெல்லுப்பா!" என்றாள்.