வாலை நம்பாதீர்கள்: விலங்கியல் செய்முறைத் தேர்வு அனுபவம்

நேற்று மாலை முடிவு வந்தது. அரியர் வைத்திருந்த செய்முறைத் தாளில் தேறிவிட்டேன். முதுநிலை விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

பாட்டிலில் வைத்த உயிரி எந்த இனம் என்று பார்த்து எழுத வேண்டும். போன முறை என்னைக் கவிழ்த்தது ஒரு பல்லி. உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் நிறம் வெளிறிக் கிடந்தது. வால் வழவழவென்று இருந்தது. வீட்டுப் பல்லியான ஃப்ரெனேடஸுக்கு வாலில் வளையம் வளையமாக முள் போன்ற புடைப்புகள் உண்டு என்று மனப்பாடம் செய்திருந்தேன். முள் இல்லையே என்று லெஷனால்டி, அதாவது மரப்பல்லி, என எழுதினேன். வைவா என்னும் வாய்மொழித் தேர்விலும் அதையே சாதித்தேன். அது அறுந்து மறுபடி வளர்ந்த வால். வளர்ந்த வாலில் அந்த முள் வராது. உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் குருத்தெலும்புத் தண்டுதான். பழைய வால் முடிந்து புதியது தொடங்குவதால் செதில் சட்டென மாறும் இடத்தை நான் தேடவே இல்லை.

எனவே பாட்டிலைத் திருப்பி வயிற்றுப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

- விரலடித் தகடுகள் இரண்டாகப் பிளந்திருந்தால் ஹெமிடாக்டைலஸ் (ஃப்ரெனேடஸ், லெஷனால்டி இரண்டும் அடங்கும் பேரினம்). ஃப்ரெனேடஸுக்கு முதல் விரல் நகம் மிகச் சிறியது.
- தொடையின் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும் சிறு துளைகள் ஆணுக்குத்தான். ஃப்ரெனேடஸில் தொடைக்குத் தொடை அறாத வரிசை. லெஷனால்டியில் நடுவே இடைவெளி.
- கண்ணுக்கு மூடித் திறக்கும் இமை இல்லை, ஒளி ஊடுருவும் செதில்தான். கண்பாவை செங்குத்துப் பிளவு. வட்டப் பாவை என்றால் பகலில் திரியும் நெமாஸ்பிஸ் என்ற வேறு பல்லிப் பேரினத்தை நினையுங்கள்.
- முதுகில் மூன்று முகம் கொண்ட பெரும்புடைப்புகள் இருந்தால் ட்ரையெட்ரஸ் என்ற ஹெமிடாக்டைலஸ் இனம்.

அதிகாலையில் படி என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இந்தப் பாடத்துக்கு இரவு 8 மணிதான் சரி. திருநகரில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே டியூப்லைட் எரியும். மழை பெய்த மறுநாள் ஈசலுக்காகக் கண்ணாடியில் பல்லிகள் ஏறும். உள்ளே நின்று பார்த்தால் அடிப்பக்கம் முழுதும் தெரியும். ஒரு பெண் பல்லியின் வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. கால் எடுக்கும்போது விரல் நுனி முதலில் மேல்நோக்கிச் சுருள்கிறது. பிறகு தகடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு உரிகின்றன. பசை எதுவும் இல்லை, தகடுகளில் உள்ள நுண்மயிர்களின் வான்டெர்வால்ஸ் விசைதான் (மூலக்கூறுகளுக்கு இடையேயான மெல்லிய ஈர்ப்பு) என்று படித்தது அன்றுதான் மனதில் பதிந்தது.

கைலென்ஸ் சொந்தமாகக் கொண்டு போங்கள். இந்த முறையும் பல்லிதான் வந்தது. துளைகளை ஒரு தொடையிலிருந்து மறு தொடை வரை எண்ணிவிட்டு ஃப்ரெனேடஸ், ஆண் என்று எழுதினேன்.

"வால் வழவழப்பாக இருக்கிறதே?" என்று கேட்டார் புறத்தேர்வாளர்.

"மறுபடி வளர்ந்த வால் சார்" என்று செதில் மாறும் இடத்தைக் காட்டினேன். தலையசைத்துவிட்டு அடுத்த பாட்டிலை நகர்த்தி வைத்தார்.