பீல் துரைக்குப் படுக்கை விரிக்க ஆளில்லை

ஜூன் 9

பிளஸ் ஒன் படிக்கும் மகள் பொருளியலை உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். உற்பத்திக் காரணிகள் நான்கு: நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு. கேட்கக் கேட்க எரிச்சல் வந்தது. நான்கும் ஒரே பந்தியில் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடுவது போல அல்லவா எழுதிவைத்திருக்கிறார்கள்! "நிலம் ஒருவரிடமும் உழைப்பு இன்னொருவரிடமும் எப்படிப் போய்ச் சேர்ந்தன?" என்று கேட்டேன்.

"அது சிலபஸில் இல்லை அப்பா."

ஜூன் 11

கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் வரும் பீல் துரை கதையை அவளுக்குச் சொன்னேன். தாமஸ் பீல் 1829-இல் இங்கிலாந்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் நதிக் குடியேற்றத்துக்குப் போனார். மார்க்ஸ் தரும் கணக்கு: 50,000 பவுண்டு பெறுமானமுள்ள பொருள்கள், 3,000 உழைப்பாளிகள். (உண்மையில் போனவர்கள் சில நூறு பேர்தான். பீல் தாமதமாகப் போய் நல்ல நிலத்தைக் கோட்டைவிட்டதும் வேறு கதை.) கரை இறங்கியபின் ஆட்கள் கலைந்துவிட்டார்கள். துரைக்குப் படுக்கை விரிக்கவும் ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு தரவும் ஒருவரும் இல்லை.

சிரித்துவிட்டு, "நான்கு காரணிகளும் இருந்தனவே, பிறகு என்ன குறை?" என்றாள்.

நல்ல கேள்வி. சொந்த ஊரில் அந்த ஆட்களுக்கு இரண்டு கைகளைத் தவிர வேறு சொத்து இல்லை. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். இங்கேயோ கண்ணுக்கெட்டிய தூரம் நிலம். தானே உழுது சாப்பிட முடிகிறவன் எதற்காக இன்னொருவனிடம் கைகட்டி நிற்க வேண்டும்? பணமும் கலப்பையும் கப்பலில் வந்துவிட்டன. போக்கற்ற நிலையை மட்டும் ஏற்றிவர முடியவில்லை. அது இல்லாததால் பீலின் பணம் மூலதனமாகாமல் வெறும் பணமாகவே கிடந்தது.

ஜூன் 14

மார்க்சுக்கு இந்தக் கதை கிடைத்தது எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டிடமிருந்து. வினோதமான ஆள். பணக்கார வீட்டுச் சிறுமி ஒருத்தியை ஏமாற்றி அழைத்துப்போய் மணந்ததற்காக லண்டன் நியூகேட் சிறையில் கிடந்தவர். சிட்னியைப் பார்க்காமலேயே, சிட்னியிலிருந்து எழுதுவது போல அந்தச் சிறையில் உட்கார்ந்து எழுதியவர். அவர் சொன்ன மருந்து இது: குடியேற்ற நாட்டு நிலத்துக்கு அரசே செயற்கையாக விலை ஏற்ற வேண்டும். அந்த விலையைச் சேர்க்கும்வரை வந்தவன் கூலிக்கு உழைப்பான். நிலம் விற்ற பணத்தில் அடுத்த கூலியாளை வரவழைக்கலாம்.

சிக்கனக்காரன் முதலாளி ஆனான், சோம்பேறி கூலியாள் ஆனான் என்று மற்றவர்கள் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் கூலியாளை உண்டாக்கும் சமையல் குறிப்பையே எழுதிக் கொடுத்துவிட்டார். மார்க்ஸ் விடுவாரா?

ஜூன் 17

ஸ்காட்லாந்தில் விலை ஏற்றும் சிரமம்கூட இல்லை. சதர்லாந்து சீமாட்டி 1814 முதல் 1820 வரை சுமார் 3,000 குடும்பங்களை, அதாவது 15,000 பேரைக் குல நிலத்திலிருந்து விரட்டினார். குடிசைகள் கொளுத்தப்பட்டன. கடலோரத்தில் குடும்பத்துக்கு 2 ஏக்கர், அதற்கும் குத்தகை. 1825-இல் அந்த 15,000 பேர் இருந்த இடத்தில் 1,31,000 செம்மறியாடுகள் என்கிறார் மார்க்ஸ். மகள் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். தலைக்கு ஏறக்குறைய ஒன்பது ஆடுகள்.

ஜூன் 18

'கண்ணுக்கெட்டிய தூரம் நிலம்' என்று அன்று வாய்கூசாமல் சொன்னது உறுத்துகிறது. அது நூங்கார் என்ற பூர்வகுடி மக்களின் மண். 1834 அக்டோபர் 28 அன்று பின்ஜாராவில், ஆளுநர் ஜேம்ஸ் ஸ்டர்லிங் நடத்திச் சென்ற ஆயுதப் படை ஆற்றங்கரையில் அவர்களைச் சுட்டுக் கொன்றது. படையோடு பீல் துரையும் போயிருந்தார். மார்க்ஸ் அவரைக் கேலி செய்யும் பக்கத்தில் நூங்கார்களைப் பற்றி ஒரு வரி இல்லை. காலையில் மகளிடம் இதையும் சொல்ல வேண்டும்.