நெருப்புப்பெட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து திருமணமாகிச் சென்னைத் தண்டையார்பேட்டைக்கு வந்து அப்போது ஏழு மாதம். கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. நான் எம்.சி. ரோட்டுப் பக்கம் தையல் வகுப்புக்குப் போய்விட்டு, இரவு எட்டரைக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து வருவேன்.

அன்று பெட்டிக்கடையில் நெருப்புப்பெட்டி கேட்டேன். இங்கே அது தீப்பெட்டி. பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவன், "சிலோனா?" என்றான். பதில் சொல்லாமல் நடந்தேன். பைக் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. "விசா இருக்கிறதா? போலீசில் சொல்லட்டுமா? நான் சொல்கிறபடி கேட்டால் சொல்ல மாட்டேன்."

எங்கள் தெருமுனை வந்தும் நான் திரும்பவில்லை. வீடு எது என்று அவனுக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் தோன்றியது. அடுத்த சந்தில் இளைஞர்கள் கேரம் ஆடும் மன்றம். அத்தனை நாளும் தலைகுனிந்து கடந்துபோன இடம். நேரே போய்ப் பலகையருகே நின்று, "ஒருவன் பின்னால் வருகிறான்" என்றேன். ஸ்டிரைக்கரைச் சுண்டப்போன விரல் அப்படியே நின்றது. நான்கு பேர் எழுந்ததும் பைக் திரும்பிவிட்டது. ஒரு தம்பி ஓடிப்போய் அதன் எண்ணைப் பார்த்துக் குறித்துவந்தான்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நடுக்கம் கண்டது.

அடுத்த மூன்று வாரம் வெளியே வாயே திறக்கவில்லை. காய்கறியை விரலால் சுட்டி வாங்கினேன். 'கதைக்கிறேன்' என்று வந்துவிடுமோ என்று வீட்டில்கூட ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டேன். மெதுவாக வரும் எந்த பைக்கின் சத்தத்துக்கும் நெஞ்சு அடைத்தது. தூக்கமில்லை. என் தாள்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் காவல் நிலையம் என்றாலே அவன் சொன்னதுதான் காதில் கேட்டது.

கடைசியில் அத்தைதான் (எங்கள் ஊரில் மாமி என்போம்) கையைப் பிடித்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். தேதி, நேரம், பைக் எண், அவன் பேசியது பேசியபடியே எழுதிக் கொடுத்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்றுதான் சொல்கிறது என்று பிறகு ஒரு வழக்கறிஞர் விளக்கினார். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு வெளிநாட்டாருக்கும் உண்டாம். புதிதாக இங்கே வருகிற என் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் இதை முதலில் சொல்ல ஆசைப்படுகிறேன். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டு எண்ணையும் போனில் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

இப்போது வழியில் இருக்கிற எல்லோரிடமும் கதைக்கிறேன். இட்லிக்கடை அக்காவுக்கும் கேரம் தம்பிகளுக்கும் நான் வரும் நேரம் தெரியும். ஒருநாள் பஸ் தாமதமானபோது தம்பி ஒருவன் நிறுத்தம்வரை வந்து பார்த்துவிட்டான்.

அதே பெட்டிக்கடையில் நெருப்புப்பெட்டி என்றே கேட்கிறேன். கடைக்காரர் எடுத்து நீட்டுகிறார். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறேன்.